பச்சை விளக்கு நிலைக்கும் வரை

2024 ஜூன் 3, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் இன்று வந்தது. சரோஜினி விடிவதற்குள் எழுந்து எல்லாக் குடங்களையும் நிரப்பிவிட்டாள். மோட்டார் போடுவது மட்டும் என் வேலை.

கம்பெனியில் சித்தார்த் கூப்பிட்டான். அவன் அப்பா முதலாளியாக இருந்தபோது நான் அந்த அறைக்குள் கதவைத் தட்டாமல் போவேன். இப்போது வெளியே சோபாவில் உட்காரவைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். உள்ளே ஒரு பெண் இருந்தாள். பெயர் நிலோபர், ஊர் மேட்டுப்பாளையம். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான வயது. பெங்களூரில் பெரிய இடங்களில் வேலை பார்த்தவளாம்.

"அங்கிள், வெளிநாட்டு ஆர்டர் ஒன்னு கைக்கு வர்ற மாதிரி இருக்கு. நம்ம ஓஎஸ்ஸுக்கு ஆட்டோமேட்டிக் டெஸ்டிங் இருக்கான்னு கேக்கறாங்க. இவங்க அந்த ஃப்ரேம்வொர்க்கை நம்ம கோடுக்குள்ள சேர்க்கப் போறாங்க. நீங்க கொஞ்சம் கூட இருங்க."

நம்ம கோடு என்கிறான். நூல் மில்களில் உருளையைச் சுழற்றிப் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷினுக்கு நாங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். பெட்டிக்குள் ஓடும் இயங்குதளம் முழுவதும் நான் எழுதியது. ஒப்பணக்காரத் தெருவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எஸ்எஸ்எல்சிக்கு மேல் படிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்த புத்தகங்களை வைத்து நானே கற்றுக்கொண்டேன். பி.இ. படித்தவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், இதையெல்லாம் தூக்கிப்போட்டு வேறு வாங்கலாம் என்று சொன்னார்கள், போனார்கள். என் கோடு போகவில்லை.

"உங்க கோடு படிச்சேன் சார். ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றாள்.

சுத்தமாக இருந்தால் எதற்குச் சோதனை என்று கேட்டேன். சித்தார்த் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஜூன் 5, புதன்

இத்தனை நாள் எப்படிச் சோதித்தீர்கள் என்று நிலோபர் கேட்டாள். என் சோதனைத் தாளைக் கொடுத்தேன். சோதனைக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். முதல் வரி இது: ஒவ்வொரு படிக்குப் பின்னும் பச்சை விளக்கு நிலைக்கும் வரை காத்திரு.

அது என்ன விளக்கு என்றாள். விளக்கினேன். மின்வெட்டுக் காலத்தில் மற்ற கம்பெனிகளின் பெட்டிகள் மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டினால் செத்துப் பிழைக்கும். மிஷினை முதலிலிருந்து கிளப்ப வேண்டும், அதுவரை ஓடிய பஞ்செல்லாம் வீண். என் பெட்டி அப்படி இல்லை. தான் இருந்த நிலையை அவ்வப்போது நினைவில் எழுதிவைத்துக்கொள்ளும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து ஓடும். அதற்கு மறுவிழிப்பு என்று பெயர் வைத்தேன். இந்தக் கம்பெனி பிழைத்ததே அதனால்தான். எழுதும்போது பச்சை விளக்கு நடுங்கும். எழுதி முடித்ததும் நிலைக்கும்.

"மில்லுல வேலை செய்யறவங்க விளக்கு நிலைக்கற வரைக்கும் காத்திருப்பாங்களா சார்?"

"காத்திருக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கு."

"கையேடு எந்த மொழியில?"

"இங்கிலீஷ்."

அவள் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொண்ட விதம் பிடிக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

ஃப்ரேம்வொர்க் இன்று முதல்முறை ஓடியது. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மிஷின் செய்திருக்கிறாள். பொய்க் கதவு, பொய் மோட்டார், பொய் மின்சாரம். அதில் என் நிஜ இயங்குதளத்தை ஏற்றி ஓட்டுகிறாள். சீட்டைக் கலைத்துப் போடுவதுபோல் அது படிகளைத் தானே கலைத்துப் போடும். எந்த நேரத்திலும் மின்சாரத்தைப் பிடுங்கும். ஒழுங்காக நடந்தால் பச்சைக் கட்டம், தவறினால் சிவப்புக் கட்டம்.

"பொம்மைக் கல்யாணம் மாதிரி இருக்கு அம்மணி" என்றேன்.

"ஆமாங் சார். ஆனா தாலி மட்டும் நிஜம்" என்றாள்.

திரை முழுக்கச் சிவப்பு. ஏதோ ஒன்றை அவள் தவறாக இணைத்திருந்தாள். மாலை வரை தேடினாள். எனக்கு இடம் தெரிந்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 12, புதன்

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க மறந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

அவளுடைய சோதனை இரண்டு சின்னத் தவறுகளைப் பிடித்தது. இரண்டையும் அரை மணியில் சரிசெய்தேன். கெர்னல் என்னும் அடிப்பகுதியில் என்னைத் தவிர யாரும் கைவைக்கக் கூடாது என்பது பெரிய முதலாளி காலத்து ஏற்பாடு. அதில் மாற்றமில்லை.

அவள் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறாள். எந்தத் திருத்தத்தைச் சேர்த்தாலும் அதோடு மூன்று வரி எழுத வேண்டும். என்ன நடந்தது, முதலில் சொன்னவர் யார், சரிசெய்தவர் யார். உலகத்தில் எல்லா இயங்குதளக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம். மூன்றும் இல்லாமல் திருத்தம் உள்ளே போகாதபடி பூட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதுவதுபோல் இருக்கிறது. எழுதினேன்.

ஜூன் 19, புதன்

சரோஜினி மொட்டைமாடியில் நின்று போன் பேசினாள். மாடியில் போய்ப் பேசினால் பாஸ்கரோடு என்று அர்த்தம். எங்கள் ஒரே மகன். உடுமலையில் உரக்கடை வைத்திருக்கிறான். இந்த வீட்டுக்கு அவன் வந்து பன்னிரண்டு வருடம் ஆகப்போகிறது. போன வருடம் அவன் மகளுக்குக் காது குத்தினார்கள். சரோஜினி மட்டும் போய்வந்தாள். எனக்கு அன்று வேலை இருந்தது.

கீழே வந்து, "வெயில் அங்கயும் இப்படித்தானாமுங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

காலையில் நிலோபர் என் மேஜைக்கு வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒரு சிவப்பு வந்திருக்கு சார். பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"சொல்லு."

"ஓடற மிஷினை நிறுத்தறோம். உடனே கதவைத் திறக்கறோம். பச்சை விளக்கு இன்னும் நடுங்கிட்டே இருக்கு. அந்த நேரம் பார்த்து கரண்டு ஒரு சிமிட்டு சிமிட்டுது. பெட்டி முழிச்சதும் கதவைப் பாக்கறதில்ல. கடைசியா எழுதி வெச்ச நினைவைத்தான் பாக்குது. அதுல மிஷின் ஓடிட்டிருக்கு, கதவு மூடியிருக்கு. அதனால…"

"அதனால என்ன?"

"கதவு திறந்திருக்கறப்பவே உருளை ஓடுது சார்."

என் சோதனைத் தாளின் முதல் வரியை அவள் மீறியிருக்கிறாள் என்று சொன்னேன். விளக்கு நிலைக்கும் முன்பே கதவைத் திறந்தால் அது சோதனையே இல்லை. எதை வேண்டுமானாலும் உடைக்கலாம் என்றால் கடப்பாரையால் அடித்துக்கூடப் பார்க்கலாம்.

"கடப்பாரையால யாரும் அடிக்க மாட்டாங்க சார். பஞ்சு அடைச்சுக்கிட்டா கதவைத் திறப்பாங்க."

ஜூன் 21, வெள்ளி

பொய் மிஷினில் வருவதை நான் ஏற்க முடியாது என்றேன். நிஜப் பெட்டியை எல்லாரும் பார்க்க மேஜையில் வைத்து, மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பை இணைத்துச் செய்து காட்டினாள். கதவு சுவிட்சு திறந்திருந்தது. பல்பு எரிந்தது.

அந்தப் பெட்டியில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே பழையது. சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

வீணாகப் பேச்சு வரும்போலத் தெரிகிறது. நடந்ததை நான் ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது.

பாஸ்கர் எங்கள் கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியராக இருந்தான். வேலை வாங்கிக் கொடுத்தது நான். 2012 அக்டோபரில், மின்வெட்டு மோசமாக இருந்த சமயத்தில், பல்லடம் ரோட்டில் ஒரு மில்லுக்குப் போனான். கார்டிங் மிஷினில் பஞ்சு அடைத்திருந்தது. கதவைத் திறந்து கையைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது உருளை ஓடியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் என்னிடம், "நிறுத்திட்டுத்தான் திறந்தேன்பா. தானா ஓடுச்சு" என்றான்.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். பெட்டியைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான், என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கதவு திறந்திருந்தால் என் பெட்டி மோட்டாரை ஓட்டாது. ஓடியது என்றால் அவன் நிறுத்தாமலே திறந்திருக்கிறான். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். மகன் என்பதற்காக மாற்றிச் சொன்னால் நான் என்ன மனிதன்? கவனக்குறைவு என்று முடிவானது. வேலையிலிருந்து நீக்கினார்கள். அவன் கல்யாணம் பேசியிருந்த இடமும் விட்டுப்போனது. அதற்கு நான் பொறுப்பில்லை.

எழுதியாகிவிட்டது.

ஜூன் 27, வியாழன்

கேன்டீனில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். டீயை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பாஸ்கர்ங்கறது உங்க பையனா சார்?"

"ஆமா."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த பல்பை அப்படி எல்லார் முன்னாடியும் வெச்சிருக்க மாட்டேன்."

"எப்படி வெச்சாலும் பல்புதான் அம்மணி."

"அவர் சொன்னது எதுவோ, அதேதான் இந்த டெஸ்ட்டுல வருது. நிறுத்தினாரு, திறந்தாரு, கரண்டு சிமிட்டுச்சு."

"டெஸ்ட்டுக்குக் கை கிடையாது. அது என்ன வேணா சொல்லும்."

"அதனாலதான் சார் அதை நம்பறேன்" என்றாள்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஜூலை 1, திங்கள்

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் சோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கே நிஜக் கார்டிங் மிஷின் ஒன்று இருக்கிறது. அதன் பெட்டிக்குப் புது ரிலே என் கையால் மாட்டினேன். ஓட்டினேன். நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். விளக்கு நடுங்கிக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சைத் தட்டிப் போட்டேன்.

உருளை ஓடியது.

மறுபடியும் செய்தேன். ஓடியது. முள்கம்பி சுற்றிய உருளை அது. காற்று முகத்தில் அடித்தது.

ஆடிக்கு முந்தின ஈரக்காற்று. இந்தப் பருவத்தில் சுவிட்சுகள் சரியாக வேலை செய்வதில்லை. வேறொரு நாள் பார்க்க வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சரோஜினி என்னவென்று கேட்டாள். பசியில்லை என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

நான்கு நாளாக மறுவிழிப்புப் பகுதியைத் திருப்பி எழுதுகிறேன். ரொம்ப நாளாகச் சுத்தம் செய்ய நினைத்திருந்த பகுதி. இனி விழித்ததும் முதலில் கதவைப் பார்க்கும், அப்புறம்தான் நினைவைப் பார்க்கும். கதவு திறந்திருந்தால் நினைவு என்ன சொன்னாலும் மோட்டாருக்கு அனுமதி இல்லை. ஆறே வரிதான் கூடுதல்.

ஆறு வரி.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 8, திங்கள்

திருத்தத்தைச் சேர்க்கக் கொடுத்தேன். நிலோபர் திருப்பி அனுப்பினாள். நேரில் போனேன்.

"கோடு ரொம்ப சரியா இருக்குங் சார். நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு சின்னதா எழுதியிருக்க மாட்டேன். மூணு வரிதான் சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"என்ன நடந்ததுங்கற எடத்துல, மறுவிழிப்பு மேம்பாடுன்னு போட்டிருக்கீங்க."

"மேம்பாடுதான்."

"மேம்பாடுன்னு அனுப்பிச்சா எந்த மில்லும் இதைப் போட மாட்டாங்க. பெட்டியைப் புதுப்பிச்சா உருளை இடைவெளியை மறுபடி சரிபார்க்கணும், அரை ஷிப்ட் போகும். ஆபத்துன்னு சொன்னாத்தான் நிறுத்துவாங்க. உங்களைத் தலைகுனிய வைக்கணும்னு எனக்கு ஆசையில்ல சார். வெளிய ஓடிட்டிருக்கற பெட்டியெல்லாம் மாறணும். அவ்வளவுதான்."

அவள் திரையில் அடுத்த வரியைக் காட்டினாள்.

"அப்புறம், முதல்ல சொன்னவர்ங்கற எடம் காலியா இருக்கு."

"உன் டெஸ்ட்டுப் பேரைப் போட்டுக்க."

"டெஸ்ட்டு முதல்ல சொல்லலையே சார்."

வெளியே வந்துவிட்டேன். முப்பது வருடமாக இந்த ஊர் மில்களை ஓட்டியவன் நான். எந்த வார்த்தை எழுதுவதென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூலை 10, புதன்

மறுபடி கொடுத்தேன். மறுபடி திருப்பினாள்.

ஜூலை 11, வியாழன்

மறுபடி.

ஜூலை 12, வெள்ளி

சித்தார்த் கூப்பிட்டான். இன்று சோபாவில் காக்கவைக்கவில்லை.

"அங்கிள், நிலோபர் எல்லாம் சொன்னாங்க. நீங்க எழுதினதே இருக்கட்டும். மேம்பாடு. நல்ல வார்த்தை. ஆபத்து, அது இதுன்னு வெளிய போச்சுன்னா ஆர்டர் குடுக்கறவன் ஓடிருவான். பழைய கேஸெல்லாம் தோண்டுவாங்க. பாஸ்கர் மேட்டரும் கிளம்பும். யாருக்கு வேணும், சொல்லுங்க? உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

அந்த மூன்று வரிப் பூட்டைத் திறக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். தோளில் கை வைத்து, "நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி அங்கிள்" என்றான்.

இவன் என் பக்கம் பேசுவது இதுதான் முதல்முறை. காபி வரவழைத்தான். சர்க்கரை போட்டிருந்தார்கள். அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, திங்கள்

திருத்தம் உள்ளே போய்விட்டது. மறுவிழிப்பு மேம்பாடு. முதலில் சொன்னவர் இடம் காலி. சரிசெய்தவர் இடத்தில் என் பெயர், குப்புராஜ்.

நிலோபர் வேலையை விட்டுவிட்டாள். கணக்கு முடித்துக்கொண்டு, போகும்முன் என் மேஜைக்கு வந்தாள்.

"டெஸ்ட்டெல்லாம் உள்ளேயே இருக்கு சார். தினம் காலையில தானா ஓடும். எல்லாம் பச்சையாத்தான் வரும், நீங்கதான் சரி பண்ணிட்டீங்களே. மில்லுல இருக்கற பெட்டிக்கு மட்டும் அது தெரியாது."

"நல்லா இரு அம்மணி" என்றேன்.

தலையை ஆட்டினாள். நல்லா இருங்க என்று திருப்பிச் சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

புதுப்பிப்பு வந்திருப்பதாக எல்லா மில்களுக்கும் தகவல் போனது. யாரும் கேட்கவில்லை. இரண்டு மில்காரர்கள், நூல் ஆர்டர் நெருக்குகிறது, தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்களாம். அது அவர்கள் விருப்பம்.

ஜூலை 29, திங்கள்

கம்பெனியில் எனக்கு இப்போது பெரிதாக வேலை இல்லை. சூலூர் பக்கம் பஸ்ஸில் போய்வரலாம் என்று தோன்றியது. கையோடு லேப்டாப்பும் கேபிளும் எடுத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு மில் மேனேஜர் எனக்குப் பழக்கம். கரண்டு பில்லுக்குப் பயந்து ஒரு மிஷினை நிறுத்திவைத்திருந்தார். "சும்மா கெடக்குது, போட்டுக்குங்க. என்ன விசேஷம்?" என்றார். சின்ன மேம்பாடு என்றேன். வேலை முடிந்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஓடிக்கொண்டிருக்கும் மற்ற இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சூலூர் முடிந்தது. வழியில் சோமனூரிலும் ஒன்று.

சரோஜினி, "ஏனுங்க, இந்த வயசுல எங்கீங்க பஸ்ஸு பஸ்ஸா ஏறிட்டிருக்கீங்க?" என்றாள்.

"சும்மா."

"சும்மா போறவரு எதுக்குங்க அந்தப் பெட்டியத் தூக்கறீங்க?"

மறுநாளுக்குத் தயிர்சாதம் கட்டித் தரச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று கோபம். ஆனால் கட்டி வைத்தாள், ஊறுகாயோடு.

ஆகஸ்ட் 7, புதன்

பழைய மில்கள் பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள். சில இடத்தில் கல்யாண மண்டபம். கருமத்தம்பட்டியில் வாட்ச்மேன் உள்ளேயே விடவில்லை. வெயிலில் நின்றேன். நூற்புப் பொறுப்பாளரான மாஸ்டர் சாப்பிட வெளியே வந்தபோது பிடித்துக்கொண்டேன். "பெருசு, நாங்க கூப்பிடவே இல்லையே" என்றார். கூப்பிடாமல் வரும் சர்வீஸ்தான் நல்ல சர்வீஸ் என்றேன். சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

உடுமலைக்கு அப்பால் ஒரு மில். திரும்பும்போது பஸ் கடைவீதியில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு நேரே உரக்கடை. பாஸ்கர் ஒரு மூட்டையின் தையலை இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தான். வலது முழங்கையால் மூட்டையை அழுத்திப் பிடித்திருந்தான். வழக்கமாகிவிட்டதுபோல் வேகமாகவே செய்தான். தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது.

பஸ் ரொம்ப நேரம் நின்றது. நான் இறங்கவேண்டிய நிறுத்தம் அது இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

மீதி இருப்பது ஒரே மில். பல்லடம் ரோடு. கடைசியாக வைத்திருந்ததற்குக் காரணம் தூரம்தான்.

ஸ்பின்னிங் மாஸ்டர் மயில்சாமி. அப்போது அங்கே மேஸ்திரியாக இருந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வணக்கம் சொல்லவில்லை.

"பாஸ்கர் தம்பியோட அப்பா. பன்னெண்டு வருசங் கழிச்சு வழி தெரிஞ்சுதுங்களா?"

"ஒரு புதுப்பிப்பு இருக்கு. பெட்டியில ஏத்தணும்."

"என்னத்துக்கு?"

"மேம்பாடு."

"அந்தத் தம்பியத் தூக்கீட்டுப் போனது நானுங்க. தானா ஓடுச்சு, தானா ஓடுச்சுன்னு ஆஸ்பத்திரி போற வரைக்கும் சொல்லிட்டே வந்தாப்புல. அப்பறம் உங்க கம்பெனியில இருந்து காயிதம் வந்துது, பையன் மேல தப்புன்னு. கையெழுத்து யாருதுன்னும் பார்த்தேன்." அவர் குரல் உயரவே இல்லை. "இப்ப சொல்லுங்க. என்ன மேம்பாடு?"

"போட்டா நல்லதுன்னு சொல்றேன்."

"மிஷின நிறுத்தினா முதலாளி என்னைக் கேப்பாரு. கதவு திறந்திருக்கறப்ப தானா ஓடும், ஆபத்துன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. இந்த நிமிசமே நிறுத்தறேன். முதலாளிகிட்ட நான் காட்டிக்கறேன்."

மேஜையில் தாளும் பேனாவும் எடுத்து வைத்தார்.

"கம்பெனி அனுமதி இல்லாம நான் எதுவும் எழுத முடியாது" என்றேன்.

"அப்ப கம்பெனி அனுமதியோடதான் இங்க வந்தீங்களா?"

பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சரோஜினி சமையலறையிலிருந்தே பேசினாள். முகத்தைக் காட்டவில்லை.

"அந்த நிலோபர் புள்ள உடுமலைக்குப் போயிருந்துச்சாமுங்க. பாஸ்கருகிட்ட எல்லாஞ் சொல்லுச்சாமா."

"என்ன சொன்னா?"

"அது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா, என்ற கைதானேன்னான். வேற ஒன்னும் வேண்டாமாம். அப்பா ஒருக்கா சொல்லட்டும், போதும்னான்."

நான் செய்தித்தாளை எடுத்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். சாயங்காலம் துணிப்பையில் நாலு சேலை எடுத்துவைத்துக்கொண்டாள். சுதந்திர தினம் லீவு, பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். பார்க்கலாமுங்க என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குத் தானே ஆட்டோ பேசிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 14, புதன்

டீயும் ரொட்டியும். பல்லடம் ரோடு போனேன். மயில்சாமி தாளை எடுத்து வைத்தார். எழுதவில்லை. "அப்ப வேலையக் கெடுக்காம இருங்க" என்றார். கார்டிங் பக்கம் ஒரு ஸ்டூல் கிடந்தது. உட்கார்ந்தேன். "உக்காருங்க. எத்தன நாளைக்கு உக்காருவீங்கன்னு பாக்கறேன்" என்றார்.

அந்த மிஷினை இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள். பெயர் ரஷ்மிதா. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று மயில்சாமி எல்லாருக்கும் சொல்லித்தான் வைத்திருக்கிறார். ஆனால் சுவிட்சு மறுபக்கச் சுவரில் இருக்கிறது. பஞ்சு அடைக்கும்போது யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள்? ஆட்களும் மாதத்துக்கு மாதம் மாறுகிறார்கள். இவள் வந்து மூன்று வாரம்தானாம்.

அவள் நிறுத்தினாள். கையைக் கதவுக்குக் கொண்டுபோனாள். நான் எழுந்து குறுக்கே கையை நீட்டினேன். விளக்கு நிலைத்ததும் கையை எடுத்தேன். கிறுக்குக் கிழவன் என்று நினைத்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் கம்பெனிக்குப் போகாமல் நேராகவே போய்விட்டேன். சித்தார்த் இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை. வெளிநாட்டு ஆர்டர் கையெழுத்தாகிவிட்டது, கேக் வெட்டுகிறோம் என்று செய்தி அனுப்பியிருந்தான்.

மயில்சாமி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேஜையில் இருந்தார். தாள் நேற்றைக்கு முன்தினம் வைத்த இடத்திலேயே இருந்தது, மேலே பேனாவும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கார்டிங்குக்குப் போனேன்.

மின்சாரம் இன்று சரியில்லை. ட்யூப்லைட்டுகள் அடிக்கடி மங்கி எரிந்தன. மதியத்துக்கு மேல் பஞ்சு மறுபடி மறுபடி அடைத்தது. ரஷ்மிதா நிறுத்துவாள், நான் எழுவேன், கையை நீட்டுவேன், அவள் நிற்பாள். ஒருமுறை சலிப்போடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தமிழ் கொஞ்சம் வந்துவிட்டது அவளுக்கு.

"தாத்தா, டெய்லி ஏன் நிக்கற? கதவு தொறந்தா இது ஓடுமா?"

பஞ்சுத் தூசி அவள் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. பதிலுக்காகக் காத்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மயில்சாமியும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓடாது" என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். நான் ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் ஷிப்ட் முடியும் வரை கதவருகிலேயே நின்றேன்.